பெட்டிச் சாறும் வீட்டுச் சாறும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். தலைமையாசிரியரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால், கல்வியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுடையவர்கள் இந்த மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 34 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் உடம்பு. ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் குடிக்கின்ற பழச்சாறு. "என்னம்மா இது, சாறு பிழியிறதைச் சொல்லவா இந்த அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தோம்?" என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். இதில் என் தந்தையாரின் கதையும் இருக்கிறது. என் தவறும் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். 1960களின் பிற்பகுதியில் எங்கள் லயத்தில் யாரும் 'ஜூஸ்' என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா பால்வெட்டிவிட்டு வாளியை இறக்கி வைத்து வீட்டுக்கு வந்தால், அம்மா பின்கட்டுச் செடியிலிருந்து நாலைந்து சின்ன எலுமிச்சையைப் பறித்து வருவார். மலாயில் 'லீமாவ் கஸ்தூரி' என்பார்களே, அதுதான். ஒரு பெரிய மங்குக் கோப்பைத் தண்ணீரில் அதைப் பிழிந்து, உப்பு ஒரு சிட்டிகை, சீனி ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுப்பார். அப்பா நின்றபடியே ஒரே மூச்சில் குடிப்பார். கொய்யா மரத்தில் கொய்யா இருக்கும், கடித்துத் தின்போம். பப்பாளி பழுத்தால் பக்கத்து வீட்டுக்குப் பாதி போகும். பழத்தைப் பிழிந்து குடிக்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. பல் இருக்கும்போது எதற்குப் பிழிய வேண்டும்?

பிழியாத சாறு ஒன்று மட்டும் வருடத்திற்கு ஒருமுறை வீட்டுக்கு வரும். தீபாவளிக்கு முதல் வாரம் கடையில் கடன் சொல்லி அப்பா வாங்கி வரும் ஆரஞ்சு நிறச் சர்பத்துப் போத்தல்! அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்திருப்பார்கள். கிராணி வீட்டார் வந்தால்தான் அந்த மூடி திறக்கும். நாங்கள் எட்டி நின்று, அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் போத்தலில் ஆரஞ்சு எவ்வளவு இருந்தது என்று இன்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று அது எங்களுக்குக் கௌரவம். கடையில் வாங்கியதைக் கொடுத்தால்தான் மரியாதை, மரத்தில் பறித்ததைக் கொடுத்தால் ஏழ்மை என்ற எண்ணம் அந்தப் போத்தலோடுதான் நம் வீட்டுக்குள் நுழைந்தது என்பது என் கருத்து. இன்றும் பாருங்கள், விருந்தாளி வந்தால் பெட்டிப் பானத்தை எடுத்து வைத்து, அதில் குழாயையும் நாமே குத்திக் கொடுக்கிறோம். பின்னால் பழம் பழுத்து விழுந்து கிடக்கிறது.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க மருத்துவர் தேவையில்லை, தாதியும் தேவையில்லை. உங்கள் வீட்டில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளையே போதும். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதன் பெயர் முதலில் வர வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் முதலில் 'ஆயர்', அதாவது தண்ணீர். இரண்டாவது 'குலா', அதாவது சீனி. பழத்தின் பெயர் அதற்குப் பின்னால் எங்கேயாவது ஒளிந்திருக்கும். சில பெட்டிகளில் 'பெர்பெரிசா' என்று எழுதியிருக்கும். பழத்தின் சுவையூட்டப்பட்டது என்று பொருள். வெளியே அழகான மாம்பழம் வரைந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சீனியும் ஒரே பெயரில் வருவதில்லை. சுக்ரோஸ், புருக்டோஸ், குளுக்கோஸ் சிரப் என்று மாறுவேடம் போட்டு வரும். எல்லாம் ஒரே குடும்பந்தான்.

இப்போது மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பெட்டியில் 100 மில்லி லிட்டருக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருக்கிறது. பெட்டியின் அளவு 250 மில்லி. மொத்தம் எத்தனை கிராம்? (முன் வரிசையில் ஒரு சிறுமி "25" என்று உடனே சொல்லிவிட்டாள். கணிதத்தில் பரிசு வாங்கியவளாம்.) மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டியில் 4 கிராம் சீனி இருக்கும். அப்படியானால் ஏறக்குறைய 6 கரண்டி. உங்கள் பிள்ளைக்குத் தேநீர் கலக்கும்போது ஆறு கரண்டி சீனி போடுவீர்களா? கை நடுங்காதா? பெட்டியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் கை நடுங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்த ஒருவருக்கே இவ்வகைச் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறது. பிள்ளை ஒரு பெட்டியில் அதை முடித்துவிடுகிறது. அதன்பிறகு பிஸ்கட், ஐஸ்கிரீம், மாலையில் மைலோ எல்லாம் வேறு.

"நான் வாங்குவது அப்படிப்பட்டதல்ல, நூற்றுக்கு நூறு பழச்சாறு" என்று சொல்லும் தாய்மார்களும் இங்கே இருப்பார்கள். அதையும் பார்ப்போம். உலகச் சந்தைக்கு வரும் ஆரஞ்சுச் சாற்றில் பெரும்பங்கு பிரேசில் நாட்டிலிருந்து வருகிறது. அங்கே ஆலையில் பழத்தைப் பிழிந்து, அந்தச் சாற்றிலுள்ள நீரை ஆவியாக்கி வாங்கிவிடுகிறார்கள். ஆறேழு லிட்டர் சாறு ஒரு லிட்டர் கூழாகிறது. அதை உறைய வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். போய்ச் சேர்ந்த நாட்டில் மறுபடியும் தண்ணீர் கலந்து, சூடு காட்டி, பெட்டியில் அடைக்கிறார்கள். ஆவியாக்கும்போது மணம் பறந்துவிடும். அதைப் பிடித்து வைத்துக் கடைசியில் சேர்க்கிறார்கள். இதில் மோசடி ஒன்றுமில்லை. ஆனால் மரத்திலிருந்து நேரே பெட்டிக்குள் விழுந்தது போலக் காட்டும் படத்திற்கும் இந்தப் பயணத்திற்கும் தூரம் அதிகம்.

பழச்சாற்றைச் சூடுபடுத்திப் போத்தலில் அடைத்து விற்கும் தொழிலுக்கு அடிபோட்டவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். தேவாலயச் சடங்கிற்குப் போதையில்லாத திராட்சை ரசம் வேண்டுமென்று, 1869இல் நியூ ஜெர்சியில், பாஸ்டர் கண்ட முறையைத் திராட்சைச் சாற்றில் கையாண்டு பார்த்தார். பல் மருத்துவர் தொடங்கி வைத்த வேலை, இன்று பல் மருத்துவர்களுக்கெல்லாம் ஓயாத வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது! பால் போத்தலில் சாற்றை ஊற்றிப் பிள்ளையின் வாயில் வைத்துத் தூங்கவைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. முன்பல் நான்கும் கறுத்துப் போன மூன்று வயதுப் பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் யாரும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர்.

பெட்டிக்கும் நியாயம் பேச வேண்டும். சூடுபடுத்துவதால் அதில் கிருமி இல்லை. வீட்டுச் சாற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. 1996ஆம் ஆண்டில், அமெரிக்காவில், சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றைக் குடித்துப் பலர் நோயில் விழுந்தார்கள். ஒரு குழந்தை இறந்தே போனது. 'இயற்கை, இயற்கை' என்று விரும்பி வாங்கிய சாறுதான் அது. நம் வீட்டிலும் மீன் வெட்டிய பலகையில் பழத்தை நறுக்கினால், கொதிக்காத நீரில் கட்டிய ஐஸ் கட்டியைப் போட்டால், கை கழுவாமல் பிழிந்தால், அந்தப் பிள்ளை இரவெல்லாம் வயிற்றுப்போக்கில் துடிக்கும். வீட்டில் செய்தது என்பதற்காகக் கிருமி ஒதுங்கி நிற்காது.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

என் தந்தையார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பட்டணத்தில் என்னோடு வந்து தங்கினார். அவருக்கு அப்போதே பத்து ஆண்டுகளுக்கு மேலாக இனிப்பு நீர் இருந்தது. மாத்திரை சாப்பிட்டு வந்தார். 2009ஆம் ஆண்டு நான் புதிதாக ஒரு சாறு பிழியும் இயந்திரம் வாங்கினேன். அப்போது எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டிப் பானம், டின் பானம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு விரட்டினேன். நாள்தோறும் காலையில் நான்கு ஆரஞ்சு, இரண்டு கேரட், ஒரு ஆப்பிள். இயந்திரம் ஒரு பக்கம் சக்கையைத் துப்பும், மறுபக்கம் பொன்னிறச் சாறு வழியும். சக்கையை ரோஜாச் செடிக்குப் போடுவேன். சாற்றைப் பெரிய கிளாசில் ஊற்றி அப்பாவிடம் கொடுப்பேன். கேரட் வாடை அவருக்குப் பிடிக்காது என்று இரண்டு கரண்டி தேனும் கலப்பேன். தேன் சீனி இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாதியாக இருந்துகொண்டு!

அப்பா ஒருநாளும் அதைக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. அவர் ஆசையெல்லாம் பழைய ஆசை. உப்புத் தொட்டுப் பாதிக் கொய்யாக்காய். "அதை விடுங்கப்பா, பல்லு போயிடும். இதைக் குடிங்க, சத்து" என்பேன். எட்டு மாதம் இப்படிப் போனது. வழக்கமான இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை, முன்பு 7.8 இருந்தது, 9.6 ஆகிவிட்டிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர், என் மகன் வயது இருக்கும், மெதுவாகக் கேட்டார்: "ஐயா என்ன குடிக்கிறார்?" நான் பெருமையோடு, "வெளியில் எதுவுமே குடிப்பதில்லை டாக்டர், வீட்டில் பிழிந்த சாறு மட்டும்தான்" என்றேன். "எவ்வளவு?" என்றார். சொன்னேன். அவர் ஒரு துண்டுத் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார். தேனையும் சேர்த்தால் 50 கிராமைத் தாண்டியிருந்தது. ஒரே கிளாசில்! இரண்டு பெட்டிப் பானத்திற்குச் சமம்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான் அழுதேன். அப்பா என் கையைத் தட்டிக் கொடுத்து, "நான் கேக்கலியே தாயி, நீதானே குடி குடின்னே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது. பின்னால் அவருக்குக் காலில் புண் வந்து ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு என் சாறுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டு நோய், வெறுங்காலோடு நடந்த பழக்கம், எல்லாம் சேர்ந்தது. ஆனால் அந்த எட்டு மாதம் நான் அவருக்கு உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எங்கே தவறினேன்? பழம் நல்லது, ஆகவே பழச்சாறும் நல்லது என்று நினைத்தேன். பழத்தில் சீனி, நாருக்குள்ளும் சதைக்குள்ளும் பூட்டி வைத்தது போல் இருக்கிறது. நாம் மென்று தின்னும்போது அது மெதுவாக இரத்தத்தில் சேருகிறது. வயிறும் நிரம்பிப் 'போதும்' என்கிறது. ஒரே வேளையில் நான்கு ஆரஞ்சு உரித்துத் தின்னச் சொன்னால் மூன்றாவதிலேயே வாய் அலுத்துவிடும். பிழிந்தால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். நாரைத் தூக்கி ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டு, சீனியை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன். ரோஜா நன்றாகத்தான் பூத்தது. பிழிந்த ஆரஞ்சுச் சாற்றில், ஒரு துளி சீனி சேர்க்காமலே, 100 மில்லிக்கு 8, 9 கிராம் சீனி இருக்கிறது. வாயுப் பானத்தில் 10, 11. வேறுபாடு நாம் நினைக்கிற அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனமும், நான் முன்பு சொன்ன அந்த 25 கிராமில், பழச்சாற்றிலுள்ள சீனியையும் தேனையும் சேர்த்தே கணக்கிடுகிறது. முழுப்பழத்திலுள்ள சீனியை அதில் சேர்ப்பதில்லை. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் ஒரு லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியது. முழுப்பழம் அதிகம் தின்றவர்களிடையே நீரிழிவு குறைவாகவும், சாறு அதிகம் குடித்தவர்களிடையே சற்றுக் கூடுதலாகவும் இருந்ததாம்.

இது நமக்குச் சிறிய விஷயமல்ல. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒருவரை நெருங்கியது. மூன்று இனங்களில் நாம்தான் முதலிடம். இந்த முதலிடத்திற்கு யாரும் பரிசு கொடுக்க மாட்டார்கள். அதே 2019 ஜூலை முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2024 ஜனவரியில் அது 50 சென் ஆனது. ஆனால் பழச்சாற்றுக்கு வேறு கணக்கு. 12 கிராமைத் தாண்டினால்தான் வரி. ஆகவே வரி இல்லாத சாறு என்றால் சீனி இல்லாத சாறு என்று எண்ணிவிட வேண்டாம். பக்கத்துச் சிங்கப்பூரில் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடும் முறை 2022 டிசம்பர் 30இல் வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, கடையில் நம் கண்முன்னே பிழிந்து தரும் சாற்றையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது.

"அப்படியானால் எதையுமே குடிக்கக் கூடாதா? பச்சைத் தண்ணீர்தானா?" என்று கேட்பீர்கள். தாகத்திற்குத் தண்ணீரை வெல்ல எதுவுமில்லை. ஆனால் வெளிக்காட்டில் செம்பனைக் குலை தள்ளிவிட்டு, சட்டை பிழியப் பிழிய வியர்த்து வருகிற ஆளுக்கு வெறும் தண்ணீர் சலிக்கும். பிள்ளைக்கும் நாக்கு ஏதாவது கேட்கும். அதற்குத்தான் வீட்டுச் சாறு. நம் கையில் செய்வதால் சீனியின் கடிவாளம் நம் கையில் இருக்கிறது. அந்த ஒன்றுதான் வீட்டுச் சாற்றுக்கு இருக்கிற பெரிய பலம். அதையும் விட்டுவிட்டால் பெட்டியே மேல், கிருமியாவது இல்லை!

என் அம்மா செய்த கஸ்தூரி எலுமிச்சை நீர்தான் எனக்கு இன்றும் முதலிடம். ஒரு கிளாசுக்கு ஐந்தாறு பழம் போதும். பாதியாக வெட்டி வடிகட்டியின் மேல் பிழியுங்கள். தோலைப் போட்டு நசுக்காதீர்கள், கசக்கும். கொட்டை விழுந்தாலும் கசக்கும். புளிப்பு அதிகம், சீனி மிகக் குறைவான பழம் இது. ஆகவே நீங்கள் போடுகிற சீனிதான் அதிலுள்ள சீனி. இப்போது பானைக்குப் பத்துக் கரண்டி போடுகிறீர்களா? இந்த வாரம் எட்டு போடுங்கள். அடுத்த வாரம் ஏழு. யாரிடமும் சொல்லாதீர்கள். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும். நான் என் பேரப்பிள்ளைகளிடம் இப்படித்தான் செய்தேன். மூன்று மாதத்தில் இரண்டு கரண்டிக்கு வந்துவிட்டோம். இப்போது கடைப் பானத்தைக் குடித்தால், "என்ன பாட்டி, இப்படி இனிக்குது?" என்று அவர்களே முகம் சுளிக்கிறார்கள். ஆசாம்பொய் போடுகிறவர்கள், இரத்த அழுத்தம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது உப்புக் கட்டி.

கொய்யாவைச் சாறு இயந்திரத்தில் போடாதீர்கள். நன்றாகக் கழுவி, தோலோடு நறுக்கி, ஒரு நடுத்தரப் பழத்திற்கு இரண்டு கிளாஸ் ஆறவைத்த தண்ணீர் ஊற்றி, சாதாரணப் பிளெண்டரில் அரையுங்கள். விதை தொண்டையில் தட்டும் என்றால் பெரிய கண் வடிகட்டியில் ஒருமுறை ஊற்றுங்கள். மெல்லிய துணியில் பிழிய வேண்டாம். கஸ்தூரி இரண்டு பிழிந்தால் போதும், சீனி கேட்காது. ஒரு பழம் இரண்டு பேருக்கு. வைட்டமின் சி-க்காக வெளிநாட்டு ஆரஞ்சைத் தேடிப் போகிறோம். நம் கொய்யாவில் அது ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்குக் குறையாது. பப்பாளியில் ஆரஞ்சுக்குச் சமமாக இருக்கிறது. பழுத்த பப்பாளியை அரைத்தால் கெட்டியாக வரும், கரண்டியால்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பேசாமல் துண்டு போட்டுத் தின்றுவிடலாம். தர்ப்பூசணியும் அப்படித்தான். பிழிவது வீண் வேலை.

காய்கறிச் சாறு விரும்புகிறவர்கள் வெள்ளரிக்காய், தக்காளி, கொஞ்சம் இஞ்சி, புதினா என்று அரைத்துக் குடிக்கலாம். சீனி குறைவு. கேரட்டிலுள்ள சத்து உடம்பில் சேர அத்துடன் சிறிது எண்ணெய்ப் பசையும் வேண்டும். ஆகவே சாறாகக் குடிப்பதைவிட அதைப் பொரியலாக்கிச் சோற்றோடு சாப்பிடுவது புத்திசாலித்தனம் என்பேன். நம் பாட்டிமார் செய்ததுதான். எந்தச் சாறானாலும் அரைத்த உடனே குடித்துவிடுங்கள். மிஞ்சினால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்குள் முடியுங்கள். வேலைக்காட்டுக்குப் போத்தலில் ஊற்றிக் கொண்டுபோவதற்கு எலுமிச்சை நீர் மட்டுமே ஏற்றது. வெயிலில் மற்றவை புளித்துப் போகும். பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்வரை சாறே வேண்டாம். தேனும் அந்த வயதுக்கு ஆகாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஒரு நாளைக்கு 120 மில்லி, பள்ளிப் பிள்ளைக்கு ஒரு சிறு கிளாஸ். இவற்றைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2017இல் சொன்னார்கள். நம் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

நோயாளிகள் உள்ள வீட்டாருக்கு மட்டும் சில வார்த்தை. இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாகற்காய்ச் சாறு குடித்தால் இனிப்பு நீர் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்பி, மயங்கிய நிலையில் தூக்கி வரப்பட்டவர்களுக்கு நானே ஊசி போட்டிருக்கிறேன். மாத்திரையும் போட்டுக்கொண்டு பாகற்காய்ச் சாற்றையும் கிளாஸ் கிளாசாகக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பிளிம்பிங் பழத்தை, நட்சத்திரப் பழம் என்போமே, அதைத் தொடவே கூடாது. சாறாகவும் கூடாது, பழமாகவும் கூடாது. அதிலுள்ள ஒரு நஞ்சை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. அது மூளையைத் தாக்கும். விடாத விக்கல்தான் முதல் அடையாளம். உயிரும் போகலாம். நம் நாட்டில் தெருவோரத்தில் தாராளமாகக் கிடைக்கிற பழம் என்பதால் இதைச் சொல்கிறேன். கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பம்பளிமாஸ் சாறு குடிக்கலாமா என்று மருந்து கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது.

இவ்வளவு திட்டிய பெட்டிச் சாற்றை நானும் வீட்டில் வைத்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? அலமாரியில் இரண்டு பெட்டி எப்போதும் இருக்கும். அப்பா இருந்தபோது தொடங்கிய பழக்கம். ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு நேரத்திற்குச் சாப்பிடாமல் விட்டால், இனிப்பு நீர்க்காரருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் 15 கிராம் சீனி உடனே உள்ளே போக வேண்டும். சாற்றுப் பெட்டியில் அரைக் கிளாஸ் கொடுத்தால் போதும். கால் மணி நேரத்தில் தெளிவார். தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நேரே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். நார் இல்லாமல் விரைவாக இரத்தத்தில் ஏறுவதால்தான் பெட்டிச் சாறு அந்த நேரத்துக்கு உதவுகிறது. எங்கள் வீட்டில் அதன் மேல் 'மருந்து' என்று எழுதியே வைத்திருந்தோம். பேரப்பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

அப்பா கடைசி இரண்டு ஆண்டுகள் தம் விருப்பப்படியே இருந்தார். சாறு இயந்திரத்தை நான் யாரிடமோ கொடுத்துவிட்டேன். காலையில் பசியாறிய பின் பாதிக் கொய்யாவை மெல்லிசாகச் சீவி உப்பில்லாமல் தட்டில் வைப்பேன். "உப்பு?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். "இந்த வீட்டுல எதுவுமே கெடைக்காது" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு துண்டாக அரைமணி நேரம் தின்பார்.

என் பேச்சு நீண்டுவிட்டது, பரிசுகள் காத்திருக்கின்றன. பரிசு வாங்கிய பிறகு எல்லாரும் சிற்றுண்டிச் சாலைக்கு வாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார்கள் காலையிலேயே வந்து, பள்ளித் தோட்டத்துக் கஸ்தூரிச் செடியிலிருந்து பறித்து, இரண்டு பெரிய பானை நிறையப் பிழிந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சீனியே இல்லை. மற்றதில் வழக்கத்திற்குப் பாதி. எந்தப் பானை முதலில் காலியாகிறது என்று பார்க்க நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.